பழக்கன்றின் விலையும் சங்கங்களின் கடமையும்

சுங்குவார்சத்திரம் கூட்டுச்சாலையில் விடியற்காலையில் நின்று பார்ப்போருக்கு இரண்டு காட்சிகள் தென்படும். தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக வந்து, இரவு முறை முடிந்தோரை இறக்கிவிட்டுப் பகல் முறைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு போதல் ஒன்று. மழைக்காலம் தொடங்கியபின், சிறு சரக்கு வண்டிகளில் மாங்கன்றும் கொய்யாக்கன்றும் சப்போட்டாக்கன்றும் அடுக்கிக்கொண்டு வியாபாரிகள் சாலையோரத்தில் கடை விரித்தல் மற்றொன்று. உறக்கம் கலையாத கண்களோடு இறங்கும் இளைஞர்கள் ஒரு கன்றைப் பேரம் பேசி, மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் வண்டியில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவதை நாம் பன்முறை கண்டு மகிழ்ந்திருக்கிறோம். நிலத்தை விட்டுத் தொழிற்சாலைக்குச் சென்ற தலைமுறையிலும் வீட்டுக்கொல்லையில் ஒரு மரம் வேண்டுமென்னும் ஆசை அற்றுப்போகவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அந்த ஆசைக்குரிய விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறிவருகிறது. ஆய்வுப் பணியின் பொருட்டு நாம் செல்லும் சங்கங்களில், கணக்குப் புத்தகங்களை மூடியபின் நிகழும் உரையாடல்களில், இக்குறை அடிக்கடி எழுகிறது. கால் ஏக்கருக்கும் குறைந்த நிலம் உடையோரும், வீட்டுக்குப் பின்னே ஒரு சென்ட், இரண்டு சென்ட் கொல்லை மட்டும் உடைய நெசவாளரும், "நான்கு கன்று வாங்குவதற்குள் ஒரு வாரச் செலவுப் பணம் போய்விடுகிறது" என்கின்றனர். அவர்கள் கூற்றில் மிகையில்லை. எனினும் விலையேற்றத்தைக் குறித்து வருந்துவது மட்டும் நமது வேலையன்று. விலை ஏன் ஏறுகிறது, அதில் எப்பகுதி தவிர்க்க முடியாதது, எப்பகுதியை ஒன்றுகூடினால் குறைக்கலாம் என்று பகுத்தறிவதே கூட்டுறவாளர் கடமையாகும்.

உரைகல் எங்கே?

இப்பொருளைப்பற்றி எழுதத் தூண்டியவர் ஐயம்பேட்டை வழியில் நாம் சந்தித்த ஒரு முதிய நெசவாளர். சங்க ஆய்வு முடிந்து தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்ற அவர், கொல்லையில் நின்ற ஒரு மாமரத்தைக் காட்டினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவர் மனைவியார், தெருவில் வந்த வண்டியில் பங்கனப்பள்ளி ஒட்டு என்று சொல்லக் கேட்டு, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி நட்டது அது. குடிநீர்க் குழாயில் நீர் வராத நாள்களில்கூட அரிசி களைந்த நீரை ஊற்றி அம்மையார் அதனை வளர்த்தார். மரம் செழித்தது. அவ்வாண்டு முதன்முதலாகக் காய்த்தது. பழத்தை அறுத்தால் நார். வாயில் வைத்தால் புளிப்பு.

அடிமரத்தை நாம் உற்று நோக்கினோம். கன்றாக இருந்தபோதே மேலே கட்டிய ஒட்டு காய்ந்துபோய், கீழேயிருந்த வேர்ச்செடி தளிர்த்து மரமாகிவிட்டதென்பது தெரிந்தது. ஒட்டின் தழும்புக்கு மேலே இருக்கவேண்டிய கிளை அங்கே இல்லை. அம்மையார், "தம்பி, ஐந்து வருஷம் பிள்ளைபோல் வளர்த்தேன். இதை வெட்டிவிடலாமா?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. அப்போது பெரியவர் கூறிய சொல் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது: "ஐயா, ஜரிகையை உரசிப் பார்த்து வாங்குகிறோம். கன்றை எந்தக் கல்லில் உரசிப் பார்ப்பது?"

அவர் வினாவில் பழக்கன்று வியாபாரத்தின் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. அரிசியானால் ஒரு பிடி எடுத்துப் பார்க்கலாம். துணியானால் நூலைப் பிரித்துப் பார்க்கலாம். பழக்கன்றின் குணமோ நான்கைந்து ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அதற்குள் விற்றவர் எங்கோ சென்றிருப்பார். வாங்கியவரிடம் சீட்டும் இராது. ஆதலின் வீட்டுத்தோட்டக்காரர் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி கன்றுக்கு உரியது. மற்றொரு பகுதி, அவருடைய அறியாமைக்கும் தனிமைக்கும் உரியது.

விலை ஏறும் காரணங்கள்

கன்றுக்கு உரிய பகுதியை முதலில் காண்போம். மாங்கொட்டை நெடுநாள் உயிரோடிராது. பழம் உண்ட சில வாரங்களுக்குள் விதைத்தாக வேண்டும். அவ்வாறு கோடை முடிவில் விதைத்து வளர்ப்பதே வேர்ச்செடி. முற்காலத்தில் நெருக்கு ஒட்டு முறை பெருவழக்காயிருந்தது. தொட்டியில் வளர்ந்த வேர்ச்செடியைத் தாய்மரத்தருகே சுமந்து சென்று, எட்டாத கிளைக்குப் பரண் கட்டி ஏற்றி, இரண்டின் தண்டையும் ஒருபுறம் சீவி ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, இரண்டு மூன்று மாதம் நீர் ஊற்றிக் காத்திருப்பர். இப்பொழுது மென்தண்டு ஒட்டு முறை பரவியுள்ளது. தாய்மரக் குச்சியின் இலைகளை ஏறத்தாழப் பத்து நாள்களுக்கு முன்பே கிள்ளிவிட்டு, நுனிமொட்டு பருக்கத் தொடங்கியதும் அதை வெட்டி எடுத்து, வேர்ச்செடியின் இளந்தண்டைப் பிளந்து, ஆப்புப்போல் சீவிய குச்சியைச் செருகிப் பாலித்தீன் நாடாவால் கட்டுகின்றனர். தாய்மரத்தடிக்குச் செடியைச் சுமக்கும் வேலை இதனால் ஒழிந்தது. ஆனால் கத்தி பிடிக்கும் கையின் வேலை ஒழியவில்லை.

அந்தக் கைத்திறனுக்கு இன்று தட்டுப்பாடு. ஒட்டுக் கட்டுதல் நெசவைப் போலவே இளமையில் பழகவேண்டிய கைத்தொழில். அதற்குரிய இளைஞர், மாதச் சம்பளமும் போக்குவரத்து வண்டியும் கிடைக்கும் தொழிற்சாலையை நாடுகின்றனர். அவர்களை நாம் குறைகூற இயலாது. எஞ்சியோர் கூலி உயர்கிறது. கட்டிய ஒட்டு அனைத்தும் பிடிப்பதுமில்லை; பட்டுப்போனவற்றின் செலவையும் பிழைத்த கன்றுகளே சுமக்கவேண்டும். பாலித்தீன் பை, ஒட்டு நாடா, நிழல்வலை ஆகியவை எண்ணெய்ப் பொருள்களிலிருந்து செய்யப்படுவன. செம்மண்ணும் தொழுஉரமும் வண்டி வைத்துக் கொண்டுவரப்படுவன. இவற்றின் விலை ஏறும்போது கன்றின் விலை மட்டும் நின்றுவிடாது.

அடுத்தது வழிச்செலவு. நம் பக்கத்துச் சாலையோரங்களில் விற்கும் மாங்கன்றுகளில் பல இம்மாவட்டத்தில் பிறந்தவையல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர்ப் பகுதி மாங்கன்று உற்பத்திக்குப் பேர்பெற்றது. ஆந்திராவில் இராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம், நாற்றுப்பண்ணைகளே ஊராக விளங்கும் இடம். அங்கிருந்து பல மாநிலங்களுக்கும் லாரிகள் செல்கின்றன. அங்குப் புறப்பட்ட கன்று சுங்குவார்சத்திரத்தை அடையுமுன் ஏற்றுகூலி, லாரிச் சத்தம், இறக்குகூலி, மொத்த வியாபாரியின் லாபம், சில்லறை வியாபாரியின் லாபம், வழியில் வாடியவற்றின் நட்டம் ஆகிய அனைத்தும் அதன் தலையில் ஏறிவிடுகின்றன.

மூன்றாவது காரணம் வாங்குவோர் பெருக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்பேட்டைகள் பெருகியபின் வயல்கள் மனைப்பிரிவுகளாயின. ஒவ்வொரு புதுமனைக்கும் இரண்டு கன்று என்று கொண்டாலும் தேவை எவ்வளவு கூடும் என்பதை வாசகர்களே உணரலாம். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்று அடைப்புக் காலத்தில் உலகின் பல நாடுகளில் மக்கள் திடீரென வீட்டுத்தோட்டத்தில் ஈடுபட, விதை வணிகர்களும் நாற்றுப்பண்ணைகளும் தேவையை ஈடுசெய்ய இயலாமல் திணறின. மரம் வளர்க்க ஆண்டுகள் வேண்டும்; ஆசை வளர ஒரு வாரம் போதும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே விலையேற்றமாகிறது.

வீணாகும் செலவு

மேற்கூறியவை பெரும்பாலும் நியாயமான செலவுகள். அவற்றைக் கொடுக்கத்தான் வேண்டும். ஒட்டுக் கட்டுபவருக்கு உரிய கூலியைக் குறைத்து மலிவு காண விரும்புவது, நெய்தவர் கூலியைக் குறைத்துச் சேலையை மலிவாக்குவது போன்றதே. நமது இயக்கம் அதற்காகத் தோன்றியதன்று. ஆனால் வீட்டுத்தோட்டக்காரர் வீணாக இழக்கும் பணம் வேறு மூன்று வழிகளில் செல்கிறது.

முதலாவது, உயரமான கன்றுக்குக் கொடுக்கும் விலை. ஆள் உயரக் கன்றை நட்டால் விரைவில் காய்க்கும் என்று எண்ணி மும்மடங்கு விலை கொடுப்போர் உளர். சிறு பையில் நெடுநாள் நின்ற கன்றின் வேர் உள்ளே சுருண்டு முறுக்கிக்கொண்டிருக்கும். நட்டபின்னும் அது பரவாது. ஒன்றரை அடி உயரமுள்ள, ஒட்டு நன்கு கூடிய இளங்கன்று பல சமயங்களில் அதனை முந்திவிடும்.

இரண்டாவது, மண்ணுக்கும் வெயிலுக்கும் ஒவ்வாத கன்றுகள். மங்குஸ்தானும் ரம்புட்டானும் ஈரம் நிறைந்த சூழலில் வாழ்பவை. நீலகிரிச் சரிவிலுள்ள பர்லியாறு, கல்லாறு அரசுப் பழப்பண்ணைகளில் மங்குஸ்தான் செழிப்பது கண்டு, சித்திரை வெயிலில் வெடிக்கும் நம் ஏரிமண்ணிலும் அது செழிக்கும் என்று எதிர்பார்த்தல் ஆகாது.

மூன்றாவது, மலிவான கன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம். விலைகள் கணக்கின் வசதிக்காகக் கொண்டவை. அறுபது ரூபாய் வீதம் பத்துக் கன்று வாங்கி ஐந்து பட்டுப்போனால், பிழைத்த ஒவ்வொன்றின் அடக்கவிலை நூற்றிருபது ரூபாய். நூறு ரூபாய் வீதம் பத்து வாங்கி ஒன்பது பிழைத்தால், அடக்கவிலை நூற்றுப்பதினோரு ரூபாய்தான். இது நட்ட மூன்று மாதத்துக் கணக்கு மட்டுமே. பிழைத்த ஐந்தும் வேறு இரகமாகிவிட்டால், ஐந்து ஆண்டு உழைப்பை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது? மலிவான கன்றே விலை மிகுந்த கன்று என்பதை மேற்சொன்ன அம்மையாரின் மரம் மெய்ப்பிக்கிறது.

நெசவாளர் அறிந்த வழி

பெரியவர் ஜரிகையை உவமை கூறியது தற்செயலன்று. ஜரிகையின் பொன்முலாமும் வெள்ளியும் எவ்வளவு என்பதைக் கண்ணால் மட்டும் காண இயலாது. தனி நெசவாளர் தனியே வாங்கினால் ஏமாறுதல் எளிது. ஆதலின்தான் சங்கங்கள் மொத்தமாகக் கொள்முதல் செய்து, சோதித்து, அங்கத்தினர்க்கு வழங்கும் வழக்கம் ஏற்பட்டது. 1971-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் காஞ்சிபுரத்தில் அரசால் தொடங்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத குணத்தைத் தனியாள் காத்துக்கொள்ள இயலாது. கூட்டமே காக்கவல்லது என்பது நெசவாளர் அனுபவத்தில் கண்ட உண்மை.

இவ்வுண்மை நமக்கு மட்டும் உரியதன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் பலர் உள்ளிட்ட உழைப்பாளிகள் இருபத்தெட்டுப் பேர் பவுன் பவுனாகப் பங்குப்பணம் சேர்த்துக் கடை திறந்தபோது, அவர்கள் விற்கத் தொடங்கியவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற எளிய பண்டங்களே. கலப்படமில்லாத சரக்கு, சரியான நிறை என்ற இரண்டே அவர்கள் வாக்குறுதி. நமது பழைய செங்கற்பட்டு மாவட்டமும் இதில் பின்தங்கியதன்று. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில், இம்மாவட்டத்துத் திரூரில் விவசாயக் கடன் சங்கமும், அக்டோபரில் காஞ்சிபுரத்தில் இந்திய நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமும் பதிவு செய்யப்பட்டன. அத்தகைய மண்ணில் வாழும் நாம் ஒரு மாங்கன்றை ஏமாறாமல் வாங்க வழி காணாதிருப்பது பொருந்துமா?

நாம் செய்த பிழை

ஒன்றுகூடி வாங்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று கூறினால் அது உண்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சங்கத்தாரிடம் கூட்டுக் கொள்முதலை நாமே வற்புறுத்தினோம். அங்கத்தினர் முன்பணம் கட்டினர். தொலைவிலுள்ள ஒரு பண்ணையிலிருந்து லாரி வந்தது. வந்த மாதமோ சித்திரை. திறந்த வண்டியில் இரண்டு நாள் வெயிலும் காற்றும் பட்டு வந்த கன்றுகளை அன்றே பிரித்துக் கொடுத்து, மறுநாளே நடச் சொன்னோம். ஆடி மாதத்துக்குள் பாதிக்கு மேல் பட்டுப்போயின. எவ்வித எழுத்து ஒப்பந்தமும் இல்லாததால் பணம் திரும்பவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் எழுந்து, "வண்டிக்காரனிடம் ஏமாந்திருந்தால் ஒரு கன்றோடு போயிருக்கும்; சங்கத்தை நம்பியதால் ஐந்து போயிற்று" என்றார். நாம் தலைகுனிந்து நின்றோம். அவர் கூற்றில் பிழையில்லை.

கூட்டுறவு என்பது கூட்டமாகப் பிழை செய்தலன்று. அந்த நட்டத்திலிருந்து கற்றுக்கொண்டவற்றையே கீழே சங்கச் செயலாளர்களின் கவனத்துக்கு வைக்கிறோம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, பணம். நூல், பட்டு, ஜரிகை ஆகியவற்றுக்கென ஒதுக்கிய நடைமுறை மூலதனத்தை இதில் எக்காரணம் கொண்டும் ஈடுபடுத்தலாகாது. சங்கத்தின் துணைவிதிகள் இத்தகைய கொள்முதலுக்கு இடந்தருகின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும். இடந்தராவிடில் அங்கத்தினர் தம்முள் ஒரு குழுவாக அமைந்தோ, ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வாயிலாகவோ செய்யலாம். எவ்வாறாயினும் தேவைப்பட்டியலும் முன்பணமும் கைக்கு வந்தபின்னரே கன்றுக்குச் சொல்லுதல் வேண்டும். கடனுக்குக் கன்று வாங்குதல் கூடாது.

இரண்டாவதாக, இடம். அருகிலுள்ள அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளை முதலில் நாடவேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பிச்சிவாக்கம், மேல்ஒட்டிவாக்கம் ஆகிய ஊர்களில் அத்தகைய பண்ணைகள் உள்ளன. தாய்மரத்தை நேரில் சென்று பார்க்க முடிவது இவற்றின் முதன்மையான நன்மை. 2025-ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் பப்பாளி, கொய்யா, எலுமிச்சை அடங்கிய பழச்செடித் தொகுப்பும் இடம்பெற்றது. இவை போன்ற உதவிகள் எவையெவை நடப்பில் உள்ளன என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் கேட்டறிந்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் செயலாளரின் வேலை.

மூன்றாவதாக, வண்டி. தனியொருவர் இரண்டு கன்றுக்காக இருநூறு ரூபாய் கொடுத்து ஆட்டோ வைத்தால் கன்றொன்றுக்கு நூறு ரூபாய் வழிச்செலவு. முப்பது குடும்பத்தார் தொண்ணூறு கன்றுக்காக ஆயிரத்தைந்நூறு ரூபாய் வாடகையில் ஒரு சரக்கு வண்டி வைத்தால் கன்றொன்றுக்குப் பதினேழு ரூபாய்கூட ஆகாது. வாடகை ஊருக்கு ஊர் மாறினும் கணக்கின் போக்கு மாறாது. விலையில் குறைக்கத்தக்க பெரும்பகுதி இதுவே.

நான்காவதாக, காலம். நமது மாவட்டத்துக்கு ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி முதல் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. ஆடி முதல் கார்த்திகை வரை நடலாம். நீர் தேங்கும் தாழ்ந்த கொல்லைகளில் மண்ணை மேடாக்கி நடவேண்டும். கோடையில் கன்று வாங்குதல் அறவே கூடாது. வந்த கன்றுகளை இரண்டு வாரம் மரநிழலில் வைத்து நீர் ஊற்றித் தேற்றியபின்னரே பிரித்துக் கொடுக்கவேண்டும்.

ஐந்தாவதாக, சோதனை. ஒட்டு இணைந்த இடத்தில் மேல்தண்டும் கீழ்த்தண்டும் ஒத்த பருமனாய் இருக்கின்றனவா, நாடா தண்டை இறுக்கிப் புண்ணாக்கியுள்ளதா, ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டுள்ளதா, ஒட்டுக்கு மேலே புதுக்கொழுந்து ஒருமுறையேனும் வந்து முதிர்ந்துள்ளதா என நான்கையும் பார்த்தே ஏற்கவேண்டும். பத்துக்கு ஒன்று வீதம் பையைப் பிரித்து வேர் சுருண்டுள்ளதா என்றும் பார்க்கலாம். பட்டுப்போனவற்றுக்கு ஈடு தருவது குறித்துப் பண்ணையாரிடம் முன்னரே எழுதி வாங்குதல் நலம்.

ஆறாவதாக, பதிவேடு. பெரியவர் கேட்ட உரைகல் இதுவே என்பது நம் துணிபு. கன்றின் இரகம், வாங்கிய பண்ணை, வாங்கிய நாள், நட்ட அங்கத்தினர், மூன்றாம் மாதத்தில் பிழைத்ததா, பூத்த ஆண்டு, பழத்தின் குணம் எனும் ஏழு பத்திகள் கொண்ட ஒரு சிறு பேரேடு போதும். தனியொருவருக்கு ஒரு மரத்தின் அனுபவமே உண்டு. சங்கத்துக்கோ நூறு மரங்களின் அனுபவம் உண்டு. ஐந்து ஆண்டு அப்பேரேட்டைக் காத்தால், எப்பண்ணையின் கன்று சொன்ன சொல் தவறாது என்பது அங்கத்தினர் யாவர்க்கும் விளங்கும். தவறியவரிடம் அடுத்த ஆண்டு ஒருவரும் வாங்கார். நல்ல பண்ணையாரும் இதனால் பயனடைவர். பொய்ச்சரக்கோடு போட்டியிட வேண்டிய நிலை அவர்களுக்கு நீங்கும்.

விலை கொடுக்க வேண்டாத கன்றுகள்

எல்லாப் பழக்கன்றையும் விலைக்கே வாங்கவேண்டும் என்பதில்லை. ஒட்டு மாவும் சப்போட்டாவும் வாங்கத்தக்கவை. சப்போட்டாவை உலக்கைப்பாலை வேர்ச்செடியில் ஒட்டுகின்றனர். அது வீட்டில் எளிதிற் கூடுவதன்று. அன்றியும் இவ்விரண்டும் பெருமரங்கள். ஒரு சென்ட் கொல்லைக்கு இரண்டில் ஒன்றே அதிகம்.

கொய்யாவை ஒரு நல்ல மரத்திலிருந்து விண்பதியன் முறையில் நாமே உண்டாக்கலாம். மழைக்காலத்தில் பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையில் ஓர் அங்குல அகலம் பட்டையை வளையமாக நீக்கி, அவ்விடத்தில் ஈரமான தென்னைநார்க்கழிவையோ பாசியையோ பொதிந்து, பாலித்தீன் தாளால் இருபுறமும் இறுகக் கட்டிவிட்டால், ஏறத்தாழ இரண்டு மாதத்தில் வெண்ணிற வேர்கள் தாளின்வழியே தெரியும். அப்போது கீழே வெட்டி எடுத்துப் பையில் ஊன்றி, நிழலில் வைத்துத் தேற்றி நடலாம். தாய்மரத்தின் குணம் சிறிதும் மாறாது. மாதுளையைக் குச்சியிலிருந்தே வளர்க்கலாம். வாழைக்குப் பக்கக்கன்று உண்டு.

எலுமிச்சையின் விதையில் தாயைப் போன்ற நாற்றுகளே மிகுதியும் தோன்றுமாதலால், நன்கு காய்க்கும் மரத்தின் பழத்திலிருந்து புது விதையை எடுத்து விதைத்தல் போதும். காய்க்கச் சில ஆண்டு பொறுக்கவேண்டும். பப்பாளியில் கோ.3, கோ.7 போன்ற வகைகளில் ஆண்மரம் தனியே தோன்றுவதில்லை. இடம் குறைந்த வீட்டுக்கு அவை ஏற்றவை. முருங்கையையும் கறிவேப்பிலையையும் விலைகொடுத்து வாங்குவோர் அண்டை வீட்டாரோடு பேசுவதில்லை என்றே கொள்ளவேண்டும்!

சங்கத்தார் விரும்பினால் அங்கத்தினர் இல்லத்து இளைஞர் இருவரைத் தோட்டக்கலைப் பண்ணைக்கு அனுப்பி ஒட்டுக் கட்டப் பழக்குவிக்கலாம். இழை அறுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சிடும் நெசவாளர் கைக்கு, கத்தியும் நாடாவும் கொண்டு செய்யும் இவ்வேலை அரியதன்று. முறைவேலைக்குச் செல்லும் பிள்ளைகளும் விடுமுறை நாளில் இதனைச் செய்து சிறு வருவாய் பெறலாம்.

அம்மையாரின் மரம்

அந்த மாமரத்தை வெட்டினார்களா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். வெட்டவில்லை. வேர் உறுதியாக ஊன்றி, ஐந்து ஆண்டு நீர் உண்ட மரம் அது. புளிப்பது கிளையேயன்றி வேர் அன்று. சென்ற மாசி மாதத்தில் நம் யோசனைப்படி அதன் தலையை மட்டும் அறுத்துவிட்டனர். அறுத்த இடத்தில் புதுத்தளிர்கள் கிளம்பின. அத்தெருவிலேயே நான்காம் வீட்டில் ஒரு பழைய பங்கனப்பள்ளி மரம் இருக்கிறது. அதன் பழத்தை உண்ணாதவர் அத்தெருவில் இல்லை. அம்மரத்துக் குச்சிகளை எடுத்து, ஆடி மாதத்தில், ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரைக்கொண்டு ஏழு தளிர்களில் கட்டினர். நான்கு பிடித்தன. ஒட்டுக் கட்டியவருக்குக் கூலியும் ஒரு வேளை உணவும் கொடுத்தது தவிர வேறு செலவில்லை.

அண்மையில் அவ்வழியே சென்றபோது கண்டோம். மரம் இன்னும் பூக்கவில்லை. நான்கு கிளைகளும் முழ நீளம் வளர்ந்து நிற்கின்றன. கீழே கிளம்பும் தளிர்களைப் பெரியவர் வாரந்தோறும் கிள்ளிவிடுகிறார். "நான்காம் வீட்டு மரம் எங்களுக்குத் தெரிந்த மரம், ஐயா, அதை உரசிப் பார்க்க வேண்டியதில்லை" என்றார்.

தெரிந்த மரம் என்னும் அச்சொல்லிலேயே தீர்வு இருக்கிறது. ஒரு தெருவுக்கு ஒரு நல்ல மரம் எங்கே நிற்கிறது என்பதை அத்தெருவார் அறிவர். ஊருக்குள் எங்கெங்கே நல்ல மரங்கள் நிற்கின்றன என்பதைச் சங்கம் எழுதி வைக்கலாம். கன்றின் விலையைக் குறைக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. வீணாகும் பணத்தையும் வீணாகும் ஆண்டுகளையும் குறைக்கும் ஆற்றல் நம்மிடம் உண்டு. வரும் ஆடி மாதத்துக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினரின் தேவைப்பட்டியலை எடுத்து, அந்த ஏழு பத்திப் பேரேட்டின் முதல் பக்கத்தைத் தொடங்கிவிட வேண்டுகிறோம். அடுத்த ஆய்வுக்கு வரும்போது நூல் கணக்கோடு அதனையும் கேட்டுப் பார்ப்போம்.